தாங்கல் கரைக் கொட்டகை

ஐயம்பேட்டையைத் தாண்டி மேற்கே போனால் புளியந்தாங்கல். ஊருக்கும் சேரிக்கும் நடுவே சின்ன ஏரி ஒன்று கிடந்தது. தாங்கல் என்பார்கள். ஐப்பசி மழையில் தளும்பி, மாசிக்குள் வற்றி, பங்குனியில் வெடித்த தரையாகிவிடும். அதன் கரையில், புறம்போக்கு நிலத்தில்தான் நாடகக் கொட்டகை போட்டார்கள்.

போடச் சொன்னவர் தணிகாசலம். காஞ்சிபுரத்துக் கடைகளுக்குப் பட்டுச்சேலை நெய்து கொடுப்பவர். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும்போது வசனம் தானாக வருகிறது என்பார். மிதியின் தாளத்துக்கு வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நெய்வார். சாயங்காலம் வெளிச்சம் போனதும் தாளில் எழுதுவார். வெளியூர் நாடகக்காரர்களுக்கு ஏன் காத்துக்கிடக்க வேண்டும், நாமே ஆடுவோம், நாமே பார்ப்போம் என்று அவர் சொன்னபோது ஊரில் யாரும் மறுக்கவில்லை. டிக்கெட்டு கிடையாது, கூலி கிடையாது என்பது ஏற்பாடு. நெசவுக்காரர்கள் திரை தைத்தார்கள். நிலமுள்ளவர்கள் மூங்கிலும் பனஞ்சட்டமும் கொடுத்தார்கள். கொடுக்க ஒன்றும் இல்லாத சேரிக்காரர்கள் உடம்பைக் கொடுத்தார்கள்.

மரியம்மாள் மேடைக்கு மண் சுமந்தாள். தாங்கல் படுகையில் வெட்டிய மண்ணைக் கூடை கூடையாகக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, சேரிப் பெண்கள் வரிசையாக நின்று மிதித்தார்கள். காய்ந்ததும் சாணி போட்டு மெழுகியதும் அவள்தான். அவள் புருஷன் தாவீது கம்பத்துக்குக் குழி வெட்டினான். ஐயம்பேட்டை அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். மில் இல்லாத நாட்களில் அவன் கடப்பாரையோடு கொட்டகையில் இருப்பான்.

அவன் ராஜா ஆனது கூரை மேலிருந்துதான். கீழே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பட்டு ஜவுளிக்காரர் மகன் கைலாசம்தான் ராஜா. ஆள் சிவப்பாக, லட்சணமாக இருப்பான். குரல்தான் மூன்றாவது வரிசைக்கு மேல் போகாது. மைக்குக்கும் வழியில்லை, ஊருக்கு மின்சாரமே வந்திருக்கவில்லை. தணிகாசலம் கடைசிக் கம்பத்தண்டை நின்றுகொண்டு, "கேக்கலபா, கேக்கல" என்று கத்திக் கத்தி ஓய்ந்துபோனார். கூரையில் கீற்று கட்டிக்கொண்டிருந்த தாவீது, ஏதோ தோன்றி, அந்த வசனத்தை அப்படியே எடுத்துச் சொன்னான். சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னான். தாங்கலுக்கு அந்தப் பக்கம், சேரியில் அடுப்பண்டை உட்கார்ந்திருந்த மரியம்மாளுக்குக் கேட்டது. யார் பேசுகிறார்கள் என்று எழுந்து வந்து பார்த்தாள்.

முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. சேரிக்காரனுக்குக் கிரீடமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அது, மேடைக்கு மேடை எல்லாரும் சமம் என்று பேசிக்கொண்டிருந்த காலம். மணியக்காரர் குப்புசாமியின் மகன் அப்பாதுரையே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அப்படிப் பேசிப் பழகியவன். "கலைக்கு ஏது ஊரு, ஏது சேரி?" என்று அவன் சொன்னதும், மணியக்காரர் மகனே சொல்லிவிட்டான் என்று மற்றவர்கள் அடங்கினார்கள். தாவீது ராஜா, அப்பாதுரை இளவரசன், தெலுங்கு பேசும் நெசவுக்காரர் வீட்டுச் சிட்டிபாபு ராணி என்று ஊர் நாடக மன்றம் வருஷத்துக்கு ஒரு நாடகம் போட்டது. ஓரிக்கையில் கூப்பிட்டு ஆடச் சொன்னார்கள். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கொட்டகைக்குள் இருக்கும்வரை அப்பாதுரைக்கு அவன் 'தாவீது அண்ணே'. வெளியே வந்தால் வெறும் தாவீது. தாவீதுக்கு அது குறையாகவே படவில்லை.

மரியம்மாளுக்குக் கொட்டகையின் மேல் பெரிய ஆசை கிடையாது. "நாள் பூரா மூட்ட தூக்கிட்டு வர. செத்த நேரம் முதுக சாய்க்கக் கூடாதா?" என்பாள். அவன் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே வசனம் சொல்வான். மகள் எஸ்தர் எதிரே உட்கார்ந்து மற்றவர்களின் வசனத்தையெல்லாம் சொல்வாள். வாசலில் நாலு பேர் வந்து நின்று கேட்பார்கள். அப்போது மட்டும் மரியம்மாள் அடுப்பை ஊதாமல் இருப்பாள்.

ஒரு வருஷம் போட்ட நாடகத்தில் ராஜா தன் மகனை நாடுகடத்துகிறான். மகன் எதிரிகளை வென்று திரும்பி வந்து, கடைசிக் காட்சியில் தகப்பன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறான். ஒத்திகையில் அப்பாதுரை தயங்காமல் விழுந்தான். ஒரு தடவை நெற்றி தாவீதின் கால்விரலில் இடித்துச் சிராய்த்துக்கூட விட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆனால் நாடகத்தன்று முன்பெஞ்சியில் அப்பாதுரைக்குப் பெண் கொடுக்கப் பேசியிருந்தவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் மணியக்காரர். பெட்ரோமாக்ஸ் விளக்கு இரைந்துகொண்டிருந்தது. சேரிக்காரர்கள் வழக்கம்போல வலது பக்கம் மூங்கில் தடுப்புக்குப் பின்னால். மரியம்மாள் எஸ்தரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசிக் காட்சி வந்தது. அப்பாதுரை வாளைக் கீழே வைத்தான். குனிந்தான். பாதி குனிந்தவன் முன்பெஞ்சியைப் பார்த்துவிட்டான். அப்படியே நின்றுவிட்டான்.

திரை மறைவிலிருந்து தணிகாசலம் வசனத்தை எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் எடுத்துக் கொடுத்தார். அப்பாதுரை குனிந்த முதுகோடு கல்லாக நின்றான். பின்னாலிருந்து யாரோ கிண்டலாக இருமினார்கள்.

சிம்மாசனத்தில் இருந்த தாவீது எழுந்தான். இறங்கி வந்து அப்பாதுரையின் தோள்களைப் பிடித்து நிமிர்த்தினான். "மகனே, விழ வேண்டியவன் நீ அல்ல. உன்னைத் துரத்திய பாவி நான். என் மார்புக்கு வா" என்று, தணிகாசலம் எழுதாத வசனத்தைச் சொல்லி, அவனைக் கட்டித் தழுவிக்கொண்டான். கொட்டகை அதிர்ந்தது. முன்பெஞ்சியிலும் சிலர் தங்களை மறந்து கை தட்டினார்கள். அப்பாதுரை தாவீதின் தோளில் முகத்தை வைத்து அழுதான். நடிப்பா நிஜமா என்று மரியம்மாளுக்குத் தெரியவில்லை. திரை விழுந்தது.

மறுநாள் காலையில் அவள் மணியக்காரர் கழனிக்கு நடவுக்குப் போனாள். கிணற்றுப் பாசன நிலம். பங்குனியிலும் சேறு குளிர்ந்திருந்தது. இறங்கக் காலை எடுத்து வைத்தவளை மேஸ்திரி வரப்பிலேயே நிறுத்தினான்.

"நீ வோணாம். சேரி ஆளுங்க யாருமே வோணாம்னு பெரியவரு சொல்லிட்டாரு."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கா? ஒன் ஊட்டுக்காரன போயி கேளு."

பக்கத்து வீட்டு அம்சா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள். "நேத்து ராத்திரி கட்டிப் புடிச்சதுதாம்மே. பொண்ணு ஊட்டுக்காரங்க சாப்புடாமகூட வண்டி கட்டிக்கினு பூட்டாங்களாம். மாருமேல மாரு பட்டுதுன்னு ஊரே பேசிக்கினு இருக்குது."

"கை தட்டினாங்களே எல்லாரும்."

"தட்டினாங்க. வூட்டுக்குப் போனப்பறம்தான யோசன வந்துக்குது."

சேரிப் பெண்கள் முடிச்சு அவிழ்க்காத நாற்றுக்கட்டுகளைத் தாண்டித் திரும்பி நடந்தார்கள். யாரும் மரியம்மாளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

தணிகாசலம் இரண்டு நாள் கழித்து மத்தியான வெயிலில் சேரிக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. மரியம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்குவாரோ மாட்டாரோ என்று பார்த்தாள். வாங்கி, அண்ணாக்காமல் வாய் வைத்தே குடித்தார். அதனால் அவரை வெறுக்கவும் அவளால் முடியாமல் போயிற்று.

"ஊர்க்கூட்டம் போட்டாங்கபா," என்றார் தாவீதிடம். "கொட்டகய பிரிக்கணும்ன்றாங்க. பொறம்போக்குதான, மணியக்காரரு ஒரு வார்த்த சொன்னா சாயங்காலத்துக்குள்ள கம்பத்த புடுங்கிடுவாங்க."

"அவரு நின்னுட்டாரு வாத்யாரே. ஜனம் பாத்துக்கினு இருக்குது. நான் சிம்மாசனத்துலயே குந்திக்கினு இருந்தா நாடகமும் பூடும், அவரு மானமும் பூடும். வேற இன்னா செய்யறது?"

"எனக்குத் தெரியாதாபா? இருவது வருசம் எழுதினாலும் அந்த வசனம் எனக்கு வராது." தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வழி சொல்றாங்க. நீ அன்னிக்கி குடிச்சிருந்தேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதுமாம். குடிச்சவன் தெரியாம செஞ்சிட்டான்னா ஊரு வுட்டுடும். தெரிஞ்சி செஞ்சான்னாதான் வுடாது."

மரியம்மாள் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்கூட்டுக்காரு சாராயத்த மோந்துகூட பாத்ததில்ல வாத்யாரே."

"தெரியும்மா. ஊருக்கே தெரியும்."

"ஊருக்கே தெரிஞ்சா அப்பறம் எவன் நம்புவான்?"

"நம்பணும்னு இல்லம்மா. சொல்லணும். அவ்ளோதான்."

"குடிச்சேன்னு சொன்னா போலீசுல புடிச்சிக்கினு போவ மாட்டானா?" அப்போது மதுவிலக்கு இருந்தது. பாலாற்றுப் பக்கம் முள்ளுக்காட்டில் காய்ச்சுவதைத் திருட்டுத்தனமாகத்தான் குடிப்பார்கள்.

"அதெல்லாம் மணியக்காரரு பாத்துக்கறேன்னாரு. நடவுக்கும் எல்லாரையும் கூப்ட்டுக்குவாங்க. ஒரு ஆறு மாசம் தாவீது ஒதுங்கி இருக்கட்டும். சூடு ஆறினதும் நானே வந்து கூட்டிக்கினு போறேன். நீ இல்லாம எனக்கு ஏதுமா ராஜா?"

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பொய்யான கலக்கம் இல்லை.

அவர் போன பிறகு மரியம்மாள் அடுப்பை மூட்டினாள். காராமணியைச் சுண்டவைத்து இறக்கினாள். எஸ்தருக்குப் போட்டுவிட்டு, தட்டை அவன் முன்னால் தள்ளினாள்.

"சொல்லிடப் போறியாயா?"

"சேரி மொத்தமும் வேல இல்லாம குந்திக்கினு இருக்குது."

"அதுக்காவ மட்டும் சொன்னா நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன். நீ அதுக்காவ சொல்லல."

தாவீது சாப்பிடாமல் தட்டை ஓரமாக நகர்த்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "மில்லுல என்ன இன்னான்னு கூப்புடறான் தெரியுமா? 'ஏய் மூட்ட'ன்றான். மூட்ட தூக்கறவன்கூட இல்ல மேரி. மூட்ட. அங்க ஏறி நின்னாதான் என்ன நாலு பேரு நிமுந்து பாக்கறாங்க. அத பிரிச்சிட்டா நான் எங்க போவேன்?"

"நீ சொன்னியானா அவங்க பிரிக்க மாட்டாங்க. ஆனா ஒன்ன ஏத்தவும் மாட்டாங்க."

"வாத்யாரு கூப்புடறேன்னாரே."

"அவரு கூப்புடுவாரு. பாவம், கூப்புடுவாரு. அவரால முடியணுமே."

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்னால் கொட்டகையிலேயே கூட்டம் வைத்தார்கள். ஊரும் வந்தது, சேரியும் வந்தது. மணியக்காரர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். அப்பாதுரை கம்பத்தில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேடையில் ஏறி நின்று, ‘குடித்திருந்தேன், மன்னிக்கணும்’ என்று சொல்லிவிட்டு இறங்கினால் போதும் என்றுதான் பேச்சு.

தாவீது ஏறினான். கூட்டத்தில் யாரோ, "இவனாடா குடிச்சான்?" என்று சொல்வது மரியம்மாளுக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவன் ஒரு காலை வைத்தான்; அந்தக் கால் தரையைத் தேடியது. தோள் ஒரு பக்கம் சரிந்தது. நாக்குத் தடித்தது. "ராஜா... நான் ராஜா..." என்று விரலை ஆட்டினான். இல்லாத சாராயக் குடுவையை எடுத்து, அதிலே ஒன்றும் இல்லை என்று கண்டு, கவிழ்த்துப் பார்த்து, உள்ளே ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான். பிள்ளைகள் கெக்கலி கொட்டிச் சிரித்தன. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிட்டிபாபு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்கி இப்பிடித்தான் சாமி இருந்தேன். யாரு மகன், யாரு ராஜான்னே தெரியல. கம்பம்னு நெனச்சி சின்னவர கட்டிக்கினேன்" என்று தள்ளாடிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டான். மணியக்காரரே சிரித்துவிட்டார். "போடா, போய் படு" என்றார். சேரிக்காரர்களும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தவன் அப்பாதுரை ஒருத்தன்தான்.

மரியம்மாள் தன் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேரையும் தன் பிடிக்குள் வைத்திருக்கும் சந்தோஷம் அந்த முகத்தில் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எஸ்தரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நடவுக்குக் கூப்பிட்டார்கள். கொட்டகை தப்பியது. ஆனால் அந்த வாரக் கடைசியில் போதகர் சாமுவேல் சேரிக்கு வந்தார். நல்ல மனிதர். காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து ஆராதனை நடத்துபவர். குடியினால் குடும்பங்கள் அழிவதைப் பார்த்துப் பார்த்து அதன்மேல் ஆறாத கோபம் வைத்திருந்தவர்.

"தாவீது, மேடை ஏறி நீயே சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நான் நம்பவில்லை. உன் வாயால் இல்லை என்று சொல், அது போதும்."

மரியம்மாள் அடுப்பங்கரையிலிருந்து அவனைப் பார்த்தாள். தாவீது வாசல் மண்ணைக் கால் விரலால் கிண்டிக்கொண்டிருந்தான். இல்லை என்று ஐயாவிடம் சொன்னால் சபைக்குத் தெரியும். சபைக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் மணியக்காரருக்குத் தெரியும். மூச்சு ஒன்று விட்டான். பதில் சொல்லவில்லை.

"அப்படியானால் நீ மனந்திரும்பி சபை முன்னால் அறிக்கையிடும்வரை உனக்குத் திருவிருந்து இல்லை, தம்பி," என்றார் சாமுவேல்.

அதற்குப் பிறகு திருவிருந்து நாட்களில் எல்லாரும் எழுந்து அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்துக்குப் போவார்கள். தாவீது மட்டும் கடைசிப் பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பான். மரியம்மாள் போய் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது அவனைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஆறு மாசம் போயிற்று. தணிகாசலம் வரவில்லை. தை பிறந்ததும் தாவீதே தறி வீட்டு வாசலில் போய் நின்றான். மறுபடி ஏற்றினால் மறுபடி பேச்சு வரும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் தணிகாசலம். அந்த வருஷம்தான் ஊருக்கு மின்சாரம் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து மைக் செட்டு வாடகைக்கு எடுத்து வந்து கொட்டகையின் நாலு கம்பத்திலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார்கள். கைலாசம் மறுபடியும் ராஜா ஆனான். அவன் சாதாரணமாகப் பேசினாலே ஐயம்பேட்டைவரை கேட்டது.

தாவீது மூங்கில் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தான். பாதி நாடகத்தில் எழுந்தான்.

"இன்னாயா, வயித்து வலியா?" என்றாள் மரியம்மாள்.

"ஒண்ணியும் இல்ல. சத்தம் காதடைக்குது."

கொட்டகையும் அதிக நாள் நிற்கவில்லை. ஐயம்பேட்டையில் டூரிங் டாக்கீஸ் வந்தது. சிட்டிபாபு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து மெட்ராசுக்குப் போனான். கைலாசம் கல்யாணமாகிக் கடையைப் பார்த்துக்கொண்டான். தணிகாசலத்துக்குக் கண் மங்கியது. தறியையே மருமகனிடம் விட்டுவிட்டுப் படுத்துவிட்டார். ஒரு ஐப்பசிப் புயலில் கூரை பறந்தது. கீற்று மாற்ற யாரும் வரவில்லை. சேரியிலும் யாருக்கும் தோன்றவில்லை. மேடை மழையில் கரைந்து தாங்கலுக்கே திரும்பிப் போயிற்று. பிறகு அப்பாதுரை பஞ்சாயத்துத் தலைவனானதும் அங்கே உரக் கிடங்கு கட்டினார்கள்.

அப்பாதுரைக்கு வேறு இடத்தில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். ஒருநாள் வரப்பில் வந்தவன் களை எடுத்துக்கொண்டிருந்த மரியம்மாளிடம் நின்றான். "தாவீது எப்பிடி இருக்காரு?" என்றான்.

அவள் நிமிர்ந்தாள். "ஊடு தெரியுமே. வந்து பாக்கறது சின்னவரே."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தூரத்தில் ஆள் வருவதைப் பார்த்து, "ம்" என்று சொல்லிவிட்டு நடந்தான். வரவில்லை.

எஸ்தர் பெரியவளாகி, அவளுக்குச் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து இடம் வந்தது. சபையில் விலக்கி வைத்த தகப்பன் என்று மாப்பிள்ளை வீட்டார் யோசித்தார்கள். சாமுவேல் மறுபடி வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை எழுந்து இரண்டு வார்த்தை சொல்லிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

அன்று சாயங்காலம் மரியம்மாள் கேட்டாள். "கொட்டகையே பூடிச்சி. மணியக்காரரும் செத்துட்டாரு. இன்னும் யாருக்காவயா மறைக்கற?"

"யாருக்காவவும் இல்ல."

"அப்ப நெசத்த சொல்லு. நான் குடிக்கல, சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்னு சொல்லு. ஐயா நம்புவாரு. நான் எந்திரிச்சி நின்னு சொல்றேன், வாத்யாரு வந்து பேசினத நான் கேட்டுக்கினு இருந்தேன்னு."

தாவீது எழுந்து வாசல்வரை போய் வந்தான். பிறகு, "சரி மேரி. சொல்லிடறேன்" என்றான். அந்த ராத்திரி மரியம்மாள் நிம்மதியாகத் தூங்கினாள். அவனுடைய வெள்ளைச் சட்டையை முந்தின நாளே துவைத்துச் சோற்றுக்கஞ்சி போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை மடிப்புக் கலையாமல் கொடுத்தாள்.

சபை நிறைந்திருந்தது. சாமுவேல் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தாவீது எழுந்தான். மரியம்மாளும் எழுந்து நிற்கத் தயாராகக் கையைப் பாயில் ஊன்றிக்கொண்டாள். அவன் சபையைப் பார்த்தான். எல்லா முகமும் அவனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவன் உதடு அசைந்தது.

"நான் குடிச்சிருந்தேன்," என்றான். முன்வரிசைக்கே சரியாகக் கேட்காத குரல். "குடிச்சிட்டு தப்பு செஞ்சேன். கர்த்தரு என்ன மன்னிக்கணும்."

பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அன்றைக்குக் கொட்டகையில் அத்தனை பேர் சிரித்தார்களே தவிர ஒருத்தரும் நம்பவில்லை. இங்கே, இத்தனை வருஷம் அவன் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபின், நம்பாதவர் ஒருத்தரும் இல்லை. சாமுவேல் இறங்கி வந்து அவன் தலையில் கையை வைத்து ஜெபித்தார். பிறகு எல்லாரும் பீடத்துக்குப் போனார்கள். தாவீதைக் கைத்தாங்கலாக முன்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். மரியம்மாள் ஊன்றிய கையை எடுக்கவில்லை. எஸ்தர் வந்து, "எந்திரிம்மா" என்று தோளைத் தொட்டாள். அவள் எழுந்து போகவில்லை.

திரும்பும்போது உரக் கிடங்கின் பக்கமாக இரண்டு பேரும் நடந்தார்கள். எஸ்தர் முன்னால் போய்விட்டாள்.

"இன்னாயா அது? நெசத்த சொல்றேன்னியே."

"அதுக்குத்தான் எந்திரிச்சேன்." அவன் நின்றான். ஏமாற்றுகிற முகம் இல்லை. தொலைத்ததைத் தேடுகிறவன் முகம். "எல்லாரும் பாத்தாங்க இல்ல? வாயத் தொறந்ததும் அதான் வந்திச்சி மேரி. வேற வசனம் வரல."

எஸ்தர் கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. சபையில் தாவீதைப் பிரியமாக நடத்தினார்கள். மதுவிலக்கை எடுத்துவிட்டிருந்தார்கள்; ஊர்க் கோடியிலேயே சாராயக் கடை வந்துவிட்டது. கூலிப் பணம் கைக்கு வந்ததும் இளவட்டங்கள் அங்கேதான் போனார்கள். குடியை விட்டவர், அவர் சொன்னால் கேட்பான் என்று பெற்றவர்கள் பிள்ளைகளைத் தாவீதிடம் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

ஒரு மத்தியானம் அம்சா தன் மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்து, நிற்க முடியாமல் வாசலில் உட்கார்ந்தான் பையன். தாவீது அவன் எதிரே குந்திக்கொண்டான். மரியம்மாள் உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தபாருபா," என்றான் தாவீது. "நானும் ஒங்கள மாரி கெடந்தவந்தான். இந்தக் கையில குடுவை இல்லாம தூங்கினதே இல்ல. இன்னா ஆச்சி? இருந்ததெல்லாம் பூடிச்சி. ஒரு நாளு போதையில இன்னா செஞ்சேன் தெரியுமா..."

அவன் சொல்லிக்கொண்டே போனான். காய்ச்சும் இடத்துக்கு முள்ளுக்காட்டில் எப்படிப் போவான், முதல் மிடறு எப்படித் தொண்டையை எரிக்கும், வீட்டுக்கு வந்து பெண்டாட்டியை எப்படி அடிப்பான் என்றெல்லாம் ஒன்றையும் விடாமல் சொன்னான். பையன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டிலேயே இத்தனை வருஷம் இருந்தவள் உள்ளே திரும்பி மரியம்மாளைப் பார்த்து, "நீயும் எவ்ளோ பட்டுக்கற மேரி, ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னியா?" என்றாள்.

மரியம்மாள் அடுத்த கீரைக் கொத்தை எடுத்து உருவினாள். அவர்கள் போன பிறகு தாவீது உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். களைத்திருந்தான். முகம் தெளிவாக இருந்தது.

"அந்தப் பையன் திருந்திடுவான் மேரி," என்றான்.

அவள் கீரையை முறத்தில் போட்டுக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.